பழைய கம்பெனி மெஷினுக்குப் புது ஓஎஸ்: எது எங்கே ஒட்டியிருக்கிறது?

திருகோணமலையில் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போகிறவர்கள் வழியில் ஒதுங்கும் சின்னக் கடைகள் உண்டு. கடிதம் ரைப் அடிக்க, படிவம் நிரப்ப, அடையாள அட்டையை இரண்டு பக்கமும் கொப்பி எடுக்க. வெளிநாட்டுக்கு கோல் எடுத்துக் கொடுத்த காலத்தில் வைத்த ‘கொமினிகேஷன்’ என்ற பெயர் இன்னும் அவற்றை விட்டுப் போகவில்லை. அப்படியொரு கடை நடத்தும் அக்கா போன மாரியில் என்னைக் கூப்பிட்டார். மேசைக்குக் கீழே அவருடைய மெஷின். கறுப்புப் பெட்டி, முன்னால் பெரிய கம்பெனியின் பெயர், பக்கவாட்டில் பாதி அழிந்த விண்டோஸ் 7 ஸ்டிக்கர். ஏதோ வெளிநாட்டு அலுவலகத்தில் சில வருடம் உழைத்துவிட்டுக் கொள்கலனில் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் திருமலைக்கு ஏறிய பெட்டி. உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஓஎஸ், அதாவது மெஷினை இயக்கும் அடிப்படை மென்பொருள், விண்டோஸ் 10.

“தம்பி, இதுக்கு இனி அப்டேட் வராதாம். பதினொன்றும் ஏறாதாம். கடைப் பெடியன் புதுசு வாங்கச் சொல்றான். என்ன செய்ய?”

2025 ஒக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபின் இந்தக் கேள்வி பல வீடுகளிலும் கடைகளிலும் எழுந்தது. பதில் சொல்கிறவர்களும் இரண்டு கட்சி. ஒரு கட்சி ‘லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ்ஸைப் போடு’ என்கிறது. மற்றது ‘எப்படியாவது பதினொன்றை ஏற்று’ என்கிறது. இரண்டும் பாதிப் பதில்தான். ஓஎஸ் மாற்றுவது ஒரு பின்னேர வேலை. பழைய ஓஎஸ்ஸோடு எதெது ஒட்டிப் போயிருக்கிறது என்று பார்ப்பதுதான் நாட்கணக்கில் இழுக்கும். லைசென்ஸ் மதர்போர்டில் ஒட்டியிருக்கும். சில செட்டிங்குகள் ஒரு சின்ன பற்றரியில் ஒட்டியிருக்கும். பிரிண்டர் அதன் டிரைவரில். இது எதையும் விட இறுக்கமாக, ரைப் அடிக்கிறவரின் விரல்கள் ஒரு ஃபொன்ட்டில் ஒட்டியிருக்கும்.

ஸ்டிக்கரிலிருந்து தொடங்கலாம். அதில் இருக்கும் 25 எழுத்துச் சாவிதான் மெஷினைத் திறந்து வைத்திருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். எக்ஸ்பி, விஸ்டா, விண்டோஸ் 7 காலத்துக் கம்பெனி மெஷின்களில் அது பெரும்பாலும் பாவிக்கப்படாத சாவி. தொழிற்சாலையில் அந்தக் கம்பெனியின் மெஷின்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு சாவியைப் போட்டு அனுப்பினார்கள். விண்டோஸ் எழும்பும்போது மதர்போர்டின் பயோஸுக்குள் (மெஷினை முதலில் எழுப்பும் மென்பொருள் அது) கம்பெனி எழுதி வைத்த சிறு அட்டவணையைப் பார்க்கும். அது பொருந்தினால் சரி, இணையத்தில் கேட்காமலே ‘இது அசல்’ என்று ஏற்றுக்கொள்ளும். அந்தக் காலத்துக் கள்ள விண்டோஸ்கள் பல இதே அட்டவணையைப் போலியாகக் காட்டித்தான் தப்பின. பாகங்களை வாங்கிக் கூட்டிக் கட்டிய அசெம்பிள் மெஷினுக்கு இந்தச் சலுகை கிடையாது. கம்பெனிப் பெயருக்கு நாம் கொடுத்த காசில் ஒரு பகுதி அந்த அட்டவணைக்குத்தான்.

2012இல் விண்டோஸ் 8 வந்தபோது முறை மாறியது. ஒவ்வொரு மெஷினுக்கும் தனிச் சாவி, அதுவும் ஸ்டிக்கரில் இல்லை, பயோஸுக்குள்ளேயே. அதனால்தான் அந்த வயது மெஷினில் விண்டோஸ் 10ஐத் திரும்பப் போடும்போது சாவி கேட்காமலே வேலை முடிந்துவிடுகிறது. இதில் ஒரு சில்லறைத் தொல்லை உண்டு. உள்ளே இருப்பது ஹோம் பதிப்பின் சாவி என்றால், நீங்கள் புரோ பதிப்புக்குக் காசு கொடுத்திருந்தாலும் இன்ஸ்டோலர் கேட்காமல் ஹோமையே எடுத்துப் போட்டுவிடும்.

அக்காவின் மெஷின் இரண்டுக்கும் நடுவில் மாட்டிய பிறவி. ஏழோடு பிறந்து, பிறகு இலவசமாகப் பத்துக்கு ஏற்றப்பட்டது. அந்த இலவச ஏற்றம் பெயருக்கு 2016 ஜூலையோடு முடிந்தது. ஆனால் ஏழின் சாவியைப் பத்து ஏற்றுக்கொள்வது 2023 செப்டெம்பர் வரை நடந்தது, அப்புறம்தான் அந்தக் கதவைச் சாத்தினார்கள். ஏற்கெனவே ஏறிய மெஷினின் உரிமம் அந்த மதர்போர்டின் பேரில் மைக்ரோசாஃப்டிடம் பதிவாகியிருக்கும். டிஸ்க்கை மாற்றினாலும் அது போகாது, போர்டு எரிந்தால் போய்விடும். ஆகவே ‘போர்மட் அடித்தால் அசல் விண்டோஸ் போய்விடுமா’ என்ற பயம் தேவையில்லை. அதே பதிப்பை அதே போர்டில் போட்டு இணையத்தில் விட்டால் தானாகத் திரும்பி வரும்.

பதினொன்று ஏறாது என்று பெடியன் சொன்னது உண்மையா? அதிகாரபூர்வமாக உண்மை. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பு, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசர். அலுவலகத்துக்கென்று செய்த பழைய பெட்டிகளில் டிபிஎம் இருக்கும், ஆனால் 1.2. இந்தச் சோதனைகளைத் தாண்டிப் போட வழிகள் உண்டு. ரூஃபஸ் என்ற மென்பொருளில் பென் டிரைவ் தயாரிக்கும்போதே அவற்றை நீக்கிவிடலாம். ஆனால் 2024இன் 24எச்2 பதிப்போடு நிஜமான சுவர் ஒன்று எழும்பியது. எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுதி புரொசசரில் இல்லாவிட்டால் அந்தப் பதிப்பு எழும்பவே எழும்பாது. கோர் 2 டுவோவில் அது இல்லை. 2008இல் வந்த முதல் கோர் ஐ7 முதல் உண்டு. எனவே கோர் 2 டுவோ மெஷினுக்கு ஏதாவது தந்திரம் இருக்கும் என்று இரவிரவாகத் தேடுவது வீண். ஐ3, ஐ5 என்றால் ஏறும். ஆனால் ஏறியபின் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் வாக்குக் கொடுக்கவில்லை. வியாபாரம் நடக்கும் மெஷினில் நான் அப்படி ஏற்றமாட்டேன்.

பத்திலேயே இன்னும் கொஞ்ச நாள் ஓட்ட நினைப்பவருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டிப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. 30 டொலர் கட்டலாம். அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்குகளை அவர்களின் இணையச் சேமிப்பில் வைக்கச் சம்மதித்தால் இலவசம். மூச்சு விட நேரம் கிடைக்கும், அவ்வளவுதான்.

புதிது வாங்குவதைப் பற்றி எங்களுக்கு அறிவுரை தேவையில்லை. 2022இல் 200 ரூபாய்க்கு நின்ற டொலர் சில மாதங்களுக்குள் 350ஐத் தாண்டியதைப் பார்த்தவர்கள் நாங்கள். அன்றைக்கு ஏறிய கொம்பியூட்டர் விலை பழைய இடத்துக்கு இறங்கி வரவில்லை.

இனி பற்றரி. மதர்போர்டில் கிட்டத்தட்ட ஐந்து ரூபாய்க் குற்றி அளவில், வட்டமான சிஆர்2032 பற்றரி ஒன்று இருக்கிறது. மெஷின் கரண்ட் இல்லாமல் கிடக்கும்போது திகதியையும் பயோஸ் செட்டிங்குகளையும் அதுதான் காப்பாற்றும். பத்து வருடத்துப் பெட்டியில் அது பெரும்பாலும் செத்திருக்கும். ஒவ்வொரு நாளும் காலையில் ‘எஃப்1ஐ அழுத்து’ என்று மெஷின் கேட்டால் காரணம் அனேகமாக அதுவே. இதைச் சின்ன விஷயமென்று விட்டுவிடுகிறோம். அதன் விளைவுகள் வேறு வேஷத்தில் வரும். திகதி பத்து வருடம் பின்னுக்குப் போய்விடும். உடனே பிரவுசர் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘இது பாதுகாப்பற்றது’ என்று மறிக்கும், ஏனென்றால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் அந்தத் திகதிக்கு இன்னும் பிறக்கவில்லை. ‘இன்டர்நெட் வேலை செய்யவில்லை, விண்டோஸ் மாத்து’ என்று என்னிடம் வந்த மெஷின்களில் ஒன்றிரண்டுக்கு வைத்தியம் ஒரு புது பற்றரிதான்.

இன்னொரு வேஷம் இன்னும் மோசம். கம்பெனி மெஷின்களின் பயோஸில் டிஸ்க்கோடு எந்த முறையில் பேசுவது என்ற செட்டிங் இருக்கும். ஏஎச்சிஐ ஒன்று, ரெய்ட் மற்றது. ஒரே ஒரு டிஸ்க் இருக்கும் பெட்டியைக்கூட ரெய்டில் வைத்தே அனுப்பிய மாதிரிகள் பல. யாரோ ஒருவர் இடையில் அதை ஏஎச்சிஐக்கு மாற்றி விண்டோஸ் போட்டிருப்பார். பற்றரி சாகும் நாளில் செட்டிங் பிறந்த நிலைக்குத் திரும்பும். விண்டோஸோ தான் போடப்பட்ட முறைக்கான டிரைவரை மட்டும் பிடித்துக்கொண்டு எழும்பும். முறை மாறினால் தன் டிஸ்க்கையே தன்னால் வாசிக்க முடியாது, நீலத் திரையில் விழுந்துவிடும்; ஏழில் 7பி என்று முடியும் எண் தெரியும், பத்தில் ‘இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்ற பெயர். டிஸ்க் பழுது என்று நினைத்துப் போர்மட் அடிப்பார்கள். அதில் இருந்த கல்யாணப் படம், கணக்கு எல்லாம் போகும். உண்மையில் பயோஸில் ஒரு வரியை மாற்றினால் போதும். ஓஎஸ் மாற்றுவதற்கு முன் முதல் வேலையாகப் பற்றரியை மாற்றி, பயோஸின் டிஸ்க் பக்கத்தை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் இந்த விஷயத்தில் அவ்வளவு கோபக்காரன் அல்ல. பழைய சாட்டா டிஸ்க் என்றால் இரண்டு முறைக்குமான டிரைவரைக் கையோடு கொண்டே எழும்பும்.

எங்கள் ஊருக்கென்று ஒரு விஷயம். ஒரு பக்கம் உட்துறைமுகம், மற்றப் பக்கம் குடாக்கடல், நடுவில் நகரம். உப்புக் காற்று படாத மூலை இல்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் புழுதியும் சேர்ந்து உள்ளே போய்ப் படியும். ரேம் குத்தும் பொன்னிறப் பற்களில் மங்கல் படிந்து, மெஷின் பீப் அடித்துவிட்டு நின்றுவிடும். ரேமைக் கழற்றி பென்சில் அழிறப்பரால் பற்களைத் தேய்த்துத் திரும்பக் குத்தினால் முக்கால்வாசி சரியாகும். இன்ஸ்டோல் பாதியில் நின்றால் ஓஎஸ்ஸைத் திட்டுவதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம். பவர் சப்ளை போனால்தான் சிக்கல். கம்பெனி மெஷின்களில் சிலவற்றுக்குப் பொதுவான 24 முள் இணைப்பி பொருந்தாது, உதாரணமாக டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020க்கு எட்டு முள். பக்கத்துக் கடையில் வாங்கிப் பூட்ட முடியாது.

சரி, எதைப் போடுவது? அக்காவுக்கு நான் சொன்னது லினக்ஸ் வகைகளில் ஒன்றான மிண்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 22ஆம் வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு, 4 ஜிபி ரேமில் நன்றாக ஓடும், பத்துப் பதினைந்து வருடத்து இன்டெல் போர்டுகளுக்கான டிரைவர்கள் எல்லாம் உள்ளேயே இருக்கும். டெபியன், உபுண்டு என்று வேறு லினக்ஸ் வகையை விரும்புகிறவர்கள் அதைப் போடலாம், சண்டை வேண்டாம். 32 பிட் மட்டும் தெரிந்த பென்டியம் 4 காலத்துப் பெட்டி என்றால் நிலைமை வேறு: உபுண்டு 2017இலேயே 32 பிட் டெஸ்க்டொப் டிஸ்க்கை நிறுத்தியது, 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13இல் அதற்கு இன்ஸ்டோலரே இல்லை. அந்தப் பெட்டிகளை விட்டுவிடுவோம்.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் போயிருந்தால் அடுத்த நாளே அக்கா என்னைத் திட்டியிருப்பார். ஏனென்றால் அவருடைய தொழில் பாமினியில்.

பாமினி என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை போதும். பாமினியில் அடித்த ‘அம்மா’வை எடுத்து ஃபொன்ட்டை மட்டும் சாதாரண ஆங்கில ஃபொன்ட்டுக்கு மாற்றுங்கள். எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று வரும். கோப்பில் தமிழே இல்லை. எம் இருக்கும் இடத்தில் அ-வின் படத்தையும், கே இருக்கும் இடத்தில் ம-வின் படத்தையும் வரைந்து வைத்த ஃபொன்ட் அது. கண்ணுக்குத் தமிழ், கொம்பியூட்டருக்கு ஆங்கிலம். இலங்கையில் ஒரு தலைமுறையே இதில்தான் ரைப் அடித்தது. பாடசாலை வினாத்தாள், கோயில் நோட்டீஸ், மரண அறிவித்தல் எல்லாம். சிங்களத்துக்கும் இதே கதைதான், அங்கே எஃப்எம் அபயா. திருமலையில் கடை வைத்திருப்பவருக்கு இரண்டும் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும்.

இங்கேதான் எதிர்பாராத ஒரு சங்கதி. இந்தப் பழைய முறை ஓஎஸ் மாற்றத்தை ஆச்சரியமாகத் தாங்கும். தமிழ் ரைப் அடிக்க எந்த மென்பொருளும் தேவையில்லை. ஆங்கில விசைப்பலகையில் அடிக்கிறோம், படம் மட்டும் மாறுகிறது. விண்டோஸின் ஃபொன்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினிக் கோப்பைப் பிரதி எடுத்து லினக்ஸில் இரட்டைக் கிளிக் செய்து போட்டால், லிப்ரே ஒஃபிஸ் என்ற ரைப் அடிக்கும் மென்பொருளில் பத்து வருடத்துக் கடிதமும் அப்படியே திறக்கும். அக்காவின் விரல்களுக்கு எதுவும் மாறவில்லை. ஃபொன்ட்டை மறந்து டிஸ்க்கை அழித்தவர்கள்தான் அரைப்புள்ளிகளின் காட்டில் அலைகிறார்கள்.

கோப்பிலேயே தமிழாகப் பதியும் யூனிகோட் முறையில் அடிக்கிறவர்களுக்குத்தான் சிக்கல் என்பது வேடிக்கை. கோப்பு எங்கும் திறக்கும்; விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே லதா ஃபொன்ட் உண்டு, லினக்ஸில் நோட்டோ தமிழ் உண்டு. ஆனால் எழுத்தைப் போடும் கருவி மாறும். இங்கே பலர் என்எச்எம் ரைட்டரில் பாமினி விசை அமைப்பை வைத்து யூனிகோட் அடிக்கிறார்கள். அது விண்டோஸுக்கு மட்டுமானது. லினக்ஸில் ஐபஸ் என்ற கருவியோடு எம்17என் தொகுதியைப் போட்டால் இலங்கை ரெங்கநாதன் விசை அமைப்பு, தமிழ்99, ஆங்கில ஒலிப்பு முறை, சிங்கள விஜேசேகர எல்லாம் பட்டியலில் வரும். பாமினியில் கை பழகியவருக்கு ரெங்கநாதன் அந்நியமாக இருக்காது, ஒரு சில விசைகளில் மட்டும் விரல் தடுக்கும். அந்தத் தடுக்கலுக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். வாடிக்கையாளர் முன்னால் நிற்கும்போது தடுக்கினால் எரிச்சல்தான் வரும். அக்கா முதலில் கடை பூட்டியபின் பழைய கடிதங்களைத் திரும்ப அடித்துப் பழகினார். பிழையாக அடித்த தாள்களை வாசலில் போட்டால் மான்கள் வந்து தின்றுவிடும் ஊர் என்பதால் சாட்சி எதுவும் மிஞ்சவில்லை.

பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் மட்டும் வழிக்கு வரவில்லை. 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு அடோபி அதை நிறுத்திவிட்டது. இருந்தும் கல்யாணக் கார்டும் கோயில் நோட்டீசும் இன்னும் அதில்தான் கிடக்கின்றன. லிப்ரே ஒஃபிஸில் பழைய பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்தால் ஓரளவு வரும், ஆனால் கார்டு போன்ற நுணுக்கமான பக்கம் அப்படியே வந்து நிற்கும் என்று நம்பி வேலை எடுக்க முடியாது.

பிரிண்டரைப் பற்றி ஒன்றே ஒன்று. வாங்கிய காலத்தில் மலிவாகக் கிடைத்த சின்ன லேசர் பிரிண்டர்கள் பலவற்றுக்குச் சொந்த மூளை குறைவு. பக்கத்தை உருவாக்கும் வேலையைக் கொம்பியூட்டரிடமே தள்ளும். அதனால் டிரைவர் இல்லாவிட்டால் அவை வெறும் பெட்டி. ஹெச்பியின் லேசர்ஜெட் 1020 போன்றவற்றுக்கு லினக்ஸில் கூடுதலாக ஒரு செருகியைத் தரவிறக்க வேண்டும். பிரிண்டரை ஒவ்வொரு முறை ஓன் பண்ணும்போதும் அதன் மென்பொருளைக் கொம்பியூட்டர்தான் ஊட்டவேண்டும். கனனின் எல்பிபி 2900 இன்னும் பிடிவாதம். ஆகவே எதையும் அழிக்காமல் முதலில் பென் டிரைவில் லினக்ஸை நேரடியாக எழுப்பி, பிரிண்டரைக் குத்தி, ஒரு பக்கம் அச்சடித்துப் பாருங்கள். கடைக்காரருக்கு அந்த ஒரு பக்கம் வந்தால்தான் மற்றதைப் பற்றிப் பேச்சு.

மிண்ட்டின் கோப்பு 3 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. இரவு டேட்டாவில் இறக்கி, வந்த கோப்பின் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுவிட்டுத்தான் பென் டிரைவில் எழுதினேன். வலையமைப்பு கேபிள் இல்லாத கடை. யூஎஸ்பி வயரில் போனைக் குத்தி டெதரிங் போட்டதும் இணையம் வந்துவிட்டது. பென் டிரைவிலிருந்து எழுப்ப டெல், லெனோவோ என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9 அல்லது எஸ்கேப். பயோஸ் அப்டேட் செய்ய வேண்டுமென்றால் மட்டும் யூபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். ஓஎஸ் ஏறும்போது கரண்ட் போனால் திரும்ப ஏற்றலாம், பயோஸ் எழுதும்போது போனால் போர்டே போகும். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த நாடு இது. யூஈஎஃப்ஐ என்ற புதுவகை பயோஸ் உள்ள ஹெச்பியின் பழைய மாதிரிகள் சிலவற்றில் இன்னொரு குணம் உண்டு: விண்டோஸின் தொடக்கக் கோப்பையும் பொதுவான பூட் கோப்புறையையும் தவிர வேறெதையும் அவை பார்க்காது. லினக்ஸ் நன்றாக ஏறியும் ‘டிஸ்க் இல்லை’ என்று நின்றால், லினக்ஸின் தொடக்கக் கோப்பை அந்தப் பூட் கோப்புறைக்குள்ளும் ஒரு பிரதி போட வேண்டியிருக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் விட நான் வற்புறுத்தியது ஒன்று: பழைய டிஸ்க்கைப் போர்மட் அடிக்கவே இல்லை. 240 ஜிபி எஸ்எஸ்டி, அதாவது வேகமான புதுவகை டிஸ்க், ஒன்று வாங்கி, பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதில் மிண்ட்டை ஏற்றினோம். வேகத்துக்கு நன்றி சொல்லவேண்டியது லினக்ஸுக்குப் பாதி, எஸ்எஸ்டிக்குப் பாதி. விண்டோஸ் 10ஐயே எஸ்எஸ்டியில் போட்டிருந்தாலும் அக்கா ‘புது மெஷின்’ என்றுதான் சொல்லியிருப்பார். கம்பெனி ஒளித்து வைத்த ரிகவரிப் பகுதியும், பேஜ்மேக்கரும், ஃபொன்ட்டுகளும் பழைய டிஸ்க்கில் அப்படியே இருக்கின்றன.

அந்த டிஸ்க் இப்போது ஒரு பழைய துவாயில் சுற்றி மேசை லாச்சியில் கிடக்கிறது. மேலே ‘கார்டு’ என்று பேனாவால் எழுதியிருக்கிறார். கல்யாண மாதம் வந்தால் அதைப் பூட்டுவார், இணையம் தரும் போனைக் கழற்றிவிட்டு. வேலை முடிந்ததும் கழற்றித் திரும்பத் துவாய்க்குள். போன தடவை பூட்டியபோது நீலத்திரை வரவில்லையா என்று கேட்டேன். “நீ எடுத்துத் தந்த பயோஸ் படம் போனில் இருக்குதானே” என்றார்.